ஓயாத கால்களும் உறங்காத இரவுகளும்



"காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று சிறு வயதில் பெரியவர்கள் நம்மைக் கண்டித்தது உங்களுக்கு நினைவிருக்கும். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினால் இலட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்பார்கள். வகுப்பறையில் நானும் பல மாணவர்களை அப்படிக் கண்டித்திருக்கிறேன். கண்டிப்பதற்கு முன் அந்தக் கால் ஏன் ஆடுகிறது என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கலாமே என்று இன்று எண்ணுகிறேன். ஆடுகின்ற கால்கள் எல்லாம் நோயுற்ற கால்கள் அல்ல. ஆயினும் அவற்றுள் சில, ஒரு நோயின் பிடியில் சிக்கி, அசையாமல் இருக்க முடியாமல் தவிக்கின்றன. அந்த நோயைப் பற்றியும், அதற்குரிய மருந்துகளை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதைப் பற்றியும் இன்று காண்போம்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தாயார் ஸ்கூடாய் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் மட்டும் பெயரளவில் தோட்டப் பள்ளிகளாக நிற்கின்றன. அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில்தான் நான் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன்.

வேலை ஓய்ந்த பிறகு அம்மாவின் கால்கள் ஓயவில்லை. பகலெல்லாம் நன்றாக இருப்பார். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சிமுன் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். படுத்தால் காலை நீட்டுவார், மடக்குவார், பாதத்தைச் சுவரில் தேய்ப்பார். பின்பு எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பார். நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவருடைய காலடி ஓசை கேட்கும். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது தம்பி. எலும்புக்குள்ள அரிக்குது. நடந்தா நிக்குது, படுத்தா வருது" என்பார். மனக்கவலை என்றார் ஒருவர். காற்றுச் சேட்டை என்றார் இன்னொருவர். உழைத்த கால் அல்லவா, உட்கார மறுக்கிறது என்று நானும் சொல்லிச் சிரித்ததுண்டு.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றது நான்தான். மலாய் மொழியில் மருத்துவருக்கு எடுத்துச் சொன்னதும் நான்தான். என்ன சொன்னேன் தெரியுமா? "சாகிட் காக்கி" என்றேன். அதாவது, கால்வலி. அம்மா ஒரு நாளும் வலி என்ற சொல்லைச் சொன்னதில்லை. ஊறுகிறது என்றார், அரிக்கிறது என்றார், நடந்தால் நிற்கிறது என்றார். அத்தனையையும் நான் "வலி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டேன். கால்வலி என்று கேட்ட எந்த மருத்துவரும் வலிக்கு மாத்திரை கொடுப்பார். அவ்வாறே கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் நானே வாங்கிக் கொடுத்தேன். இரவில் உறங்கட்டுமே என்று, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையையும் சேர்த்து வாங்கினேன். இவ்விரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்நோய்க்கு ஆங்கிலத்தில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். தமிழில் ஓய்வற்ற கால் நோய் எனலாம். இது புதிய நோயன்று. இலண்டனில் மருத்துவம் பார்த்த தாமஸ் வில்லிஸ் என்பவர் 1672ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். படுக்கைக்குச் சென்றதும் கைகால்கள் துடித்து, உறங்க முடியாமல் வதைபட்டவர்களை அவர் கண்டார். அதன் பிறகு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 1945இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் ஆக்சல் எக்போம் என்ற நரம்பியல் மருத்துவர் இதனைத் தனி நோயாக ஆராய்ந்து, இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். அதனால் வில்லிஸ்-எக்போம் நோய் என்றும் இதனை அழைப்பதுண்டு.

இது எத்தனை பேரை வாட்டுகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆசியாவில் இது குறைவு. பெங்களூரில் நடந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் காணப்பட்டது. அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 2001இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் கர்ப்பிணிகள், இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் ஆகியோரிடையே இது பன்மடங்கு அதிகம். நம் நாட்டில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரிந்தது. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோரோ பல்லாயிரக் கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத வெள்ளைக்காரர் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்நோயை அறிந்துகொள்ளக் கருவி ஏதும் தேவையில்லை. நான்கு கேள்விகள் போதும். ஒன்று, காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல் இருக்கிறதா? இரண்டு, உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ அது தொடங்குகிறதா, அல்லது கூடுகிறதா? மூன்று, நடந்தால், காலை நீட்டி மடக்கினால், அசைக்கும் வரையிலேனும் அது தணிகிறதா? நான்கு, பகலைவிட மாலையிலும் இரவிலும் அதிகமாக இருக்கிறதா? இந்நான்குக்கும் ஆம் என்பது விடையானால் இந்நோயாக இருக்கலாம். பிறகு, இதைப் போலத் தோன்றும் வேறு நோய்கள் அல்ல என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும்.

அவற்றுள் முக்கியமான இரண்டைச் சொல்கிறேன். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்வது வேறு. அப்போது தசை கல்லாக இறுகும். உயிர் போகும் வலி இருக்கும். சில நிமிடங்களில் விட்டுவிடும். நீரிழிவு நோயால் நரம்பு கெடுவதும் வேறு. அங்கே பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் இருக்கும். எழுந்து நடந்தாலும் அவை தணிவதில்லை. நம் மக்களிடையே நீரிழிவு மிகுதி. ஆதலால் கால் தொல்லை என்றதும் சர்க்கரை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, கால் ஏன் இப்படித் தவிக்கிறது? குறை காலில் இல்லை நேயர்களே, மூளையில் இருக்கிறது. மூளையில் டோப்பமின் என்னும் ஒரு பொருள் சுரக்கிறது. நம் உடலசைவை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அந்த டோப்பமினை உண்டாக்கும் நொதி வேலை செய்வதற்கு இரும்புச் சத்து வேண்டும். இந்நோய் உள்ளவர்களின் மூளையில், குறிப்பாக டோப்பமின் உண்டாகும் பகுதியில், இரும்பு குறைந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். இரத்தத்தில் இரும்பு போதுமானதாக இருப்பவர்களுக்கும் மூளையில் குறைந்திருக்கக் கூடும். சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதும் உண்டு. மாலையில் தொடங்கி நள்ளிரவில் உச்சத்துக்குச் செல்வதற்கு, உடலில் இரும்பும் டோப்பமினும் இரவில் தாழ்வதே காரணம் என்று கருதுகிறார்கள்.

இப்போது மருந்துக்கு வருவோம். மருந்து என்றதும் எதைச் சாப்பிடுவது என்றே நாம் கேட்கிறோம். இந்நோயில் முதல் கேள்வி, எதை நிறுத்துவது என்பதுதான். தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் இந்நோயைக் கிளறிவிடும். குளோர்பெனிரமின், டிஃபென்ஹைட்ரமின் என்பவை அவ்வகை. இருமல் மருந்திலும் இவை கலந்திருக்கும். வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோக்ளோப்ரமைட் என்ற மாத்திரையும் அப்படியே. மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் தரப்படும் மருந்துகளில் சிலவும் இதனை மிகுவிக்கக் கூடும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற வழியுண்டா என்று அவர் பார்ப்பார். மாலைக்குப் பின் காப்பியும், மதுவும், புகையும் கூடப் பலருக்குத் தொல்லையைக் கூட்டுகின்றன.

அம்மா உறங்கட்டும் என்று நான் வாங்கித் தந்த சளி மாத்திரை எது என்று இப்போது புரிந்திருக்கும். அவர் கண்கள் சொக்கின. கால்களோ முன்னைவிட அதிகமாகத் துடித்தன. தூக்கக் கலக்கத்தில் நடந்து ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்தும்விட்டார்.

இரண்டாவது படி இரும்பு. இதற்கு ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பலருக்கு ஓர் ஐயம் எழும். "போன மாதம்தான் இரத்தம் பார்த்தார்கள், சோகை இல்லை என்றார்களே?" என்பார்கள். சோகைக்குப் பார்ப்பது ஹீமோகுளோபின். அது சட்டியில் இருக்கும் சோறு போன்றது. ஃபெரிட்டின் என்பது அரிசித் தகரத்தில் மிச்சமிருக்கும் அரிசி. சட்டியில் இன்றைக்குச் சோறு இருக்கலாம். தகரத்தில் அடி தெரியலாம். தகரத்தைத் திறந்து பார்த்தால்தானே நாளைய நிலை தெரியும்? காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், இரும்பைப் பற்றிய வேறு அளவுகளையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார்.

சாதாரணமாக ஒரு மில்லிலிட்டருக்கு 20 அல்லது 30 நானோகிராம் ஃபெரிட்டின் இருந்தாலே போதும் என்று சில இடங்களில் கருதுவதுண்டு. ஓய்வற்ற கால் நோய் உள்ளவருக்கு அது போதாது. பெரியவர்களுக்கு 75 நானோகிராமோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். "நார்மல்" என்று தாளில் அச்சிட்டிருந்தாலும் எண் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு அல்லது கொய்யாப்பழம் போன்ற சி வைட்டமின் உள்ளவற்றோடு எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் சிறிது உணவோடு எடுக்கலாம். தேத்தண்ணீரோடும் பாலோடும் எடுப்பது வீண். அவை இரும்பை உடலில் சேரவிடா. நாளுக்கு ஒன்றோ, ஒன்றுவிட்டு ஒரு நாளோ, மருத்துவர் சொன்னபடி உண்ண வேண்டும். அதிகம் உண்டால் அதிகம் சேரும் என்று எண்ண வேண்டாம். மலம் கறுத்துப் போகும், அஞ்ச வேண்டியதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதங்களும் ஆகலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், அதனால் பலன் காணாதவர்களுக்கும் இரத்தக்குழாய் வழியே இரும்பு ஏற்றும் முறை இருக்கிறது. சுவீடனில் நார்ட்லாண்டர் என்பவர் 1950களிலேயே இவ்வாறு இரும்பு ஏற்றி நல்ல பலன் கண்டார். இடையில் மறக்கப்பட்ட அம்முறை, இப்போது புதிய, பாதுகாப்பான இரும்பு மருந்துகளோடு திரும்பி வந்திருக்கிறது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை உண்ணாதீர்கள். நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறையை உடையவர்கள் பலர். அவர்களுக்குச் சோகை தெரியும். ஆனால் இரும்பு குறைந்திருக்காது. மேலும் இரும்பை ஏற்றினால் அது உடலில் தங்கிக் கேடு செய்யும். இரண்டாவது, இரும்பு மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பென்று எண்ணி ஒரு கைப்பிடி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது மிக முக்கியம். இரும்பு ஏன் குறைந்தது என்று கேளுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் அம்மாவின் கதை இங்கேதான் திரும்பியது. அவர் விழுந்த பிறகு அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன். இளம் மலாய்ப் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். நான் வழக்கம்போல் "சாகிட் காக்கி" என்று தொடங்கினேன். அவர் கையமர்த்தி, அம்மா சொல்வதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் மலாயில் சொல்லும்படி கேட்டார். எறும்பு ஊர்வதையும், எலும்புக்குள் அரிப்பதையும், நடந்தால் நிற்பதையும் அன்றுதான் முதன்முறையாக மொழிபெயர்த்தேன். அவர் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டார். அம்மா நான்குக்கும் தலையசைத்தார். ஃபெரிட்டின் பார்த்ததில் 11 என்று வந்தது. பின்னர் ஜொகூர் பாருவில் உள்ள மருத்துவமனையில் வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். அங்கே புண் இருந்தது. ஆண்டுக்கணக்காக உண்ட வலி மாத்திரைகள் உண்டாக்கிய புண் அது. அதிலிருந்து சிறுகச் சிறுக இரத்தம் கசிந்திருக்கிறது.

நேயர்களே, கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நான் வலி என்றேன். வலிக்கு மாத்திரை வந்தது. மாத்திரையால் புண் வந்தது. புண்ணால் இரத்தம் போனது. இரத்தத்தோடு இரும்பு போனது. இரும்பு போகப் போகக் கால் இன்னும் தவித்தது. கால் தவிக்கத் தவிக்க நான் இன்னும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குச் சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியன், தாயின் சொல்லைப் பிழையாகப் பெயர்த்ததால் வந்த வினை இது. வலி மாத்திரையையும் சளி மாத்திரையையும் நிறுத்தி, புண்ணுக்கு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் ஓரிரவு விழித்துக்கொண்டேன். காலடி ஓசை இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். அம்மா உறங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் இரும்பு மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். இரும்பு நிறைந்த பிறகும் வாரத்தில் பல இரவுகள் உறக்கம் கெடுமானால் வேறு மருந்துகள் தேவைப்படும். அவற்றில் இரண்டு வகை முக்கியமானவை.

முதல் வகை, டோப்பமினின் இடத்தில் நின்று வேலை செய்யும் மருந்துகள். துருக்கி நாட்டு மருத்துவர் அக்பினார், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய்க்குத் தரும் லெவோடோப்பா இந்நோயையும் அடக்குகிறது என்று 1982இல் எழுதினார். பின்னர் ரோப்பினிரோல், பிரமிபெக்சோல் என்ற மருந்துகள் வந்தன. அமெரிக்காவில் 2005இலும் 2006இலும் இவற்றை இந்நோய்க்கென்றே அனுமதித்தார்கள். முதல் இரவிலேயே பலன் தெரியும். பல்லாண்டு உறங்காதவர் அன்று உறங்குவார். இதை உண்டவர்கள் அதிசய மருந்து என்று கொண்டாடினார்கள்.

ஆனால் அதற்குள் ஒரு சூழ்ச்சி இருந்தது. அதைத் தோட்டத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்க வைக்கலாம். பால்மரத்தில் பால் கூடச் சுரக்க வேண்டும் என்று வெட்டுப் பட்டையில் மருந்து பூசுவார்கள். முதலில் மங்கு நிரம்பி வழியும். அந்த ஆசையில் அளவு மீறிப் பூசினால், சில காலத்தில் பால் குறையும். பட்டை வறண்டு மரமே ஓய்ந்துவிடும். இம்மருந்துகளும் அப்படித்தான். நாளாக ஆக, அடக்க வந்த மருந்தே நோயை மூட்டத் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஆலன், ஏர்லி என்ற இரு ஆய்வாளர்கள் லெவோடோப்பா உண்டவர்களில் பெரும்பாலோரிடம் இது நேர்வதை 1996இல் எடுத்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இதை ஆக்மென்டேஷன் என்பார்கள். நாம் நோய்ப்பெருக்கம் எனலாம்.

இதன் அடையாளங்களை நினைவில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு வந்த தவிப்பு மாலை ஆறு மணிக்கு வரும். பிறகு நண்பகலிலேயே வரும். காலில் இருந்தது கைகளுக்கும் பரவும். உட்கார்ந்த சற்று நேரத்திலேயே தொடங்கும். மருந்தைக் கூட்டினால் சில வாரம் அடங்கி, பிறகு முன்னிலும் மிகும். என் நண்பர் ஒருவர், நாள்தோறும் விடியுமுன் ஸ்கூடாயிலிருந்து புறப்பட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். இவ்வகை மாத்திரையில் நல்ல பலன் கண்டார். பலன் குறைந்தபோது தாமே ஒன்றை இரண்டாக்கினார், இரண்டை மூன்றாக்கினார். முடிவில் எல்லைச் சோதனை நெரிசலில் நிற்கும் பேருந்தில் அவரால் உட்காரவே முடியவில்லை. வழியெல்லாம் நின்றுகொண்டே போனார். நோய் முற்றிவிட்டது என்று எண்ணினார். முற்றியது நோயன்று, மருந்தின் அளவு. மருத்துவர் பல வாரங்களில் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். அந்த வாரங்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் மீண்டுவிட்டார்.

இவ்வகை மருந்துக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. சிலருக்கு மனத்தின் கடிவாளம் தளர்ந்துவிடும். சூதாட்டம், தேவையற்றதை வாங்கிக் குவித்தல், தகாத ஆசைகள் ஆகியவை தலையெடுக்கும். வாழ்நாளில் நாலு நம்பர் கடைப் பக்கம் போகாதவர் திடீரென்று சம்பளம் முழுவதையும் அங்கே கொட்டினால், குணம் கெட்டுவிட்டது என்று ஏசுவதற்கு முன், அவர் என்ன மருந்து உண்கிறார் என்று பாருங்கள். சிலருக்குப் பகலில் எச்சரிக்கை இன்றித் தூக்கம் வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்காரணங்களால், 2025இல் வெளிவந்த அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டி, இவ்வகை மருந்துகளை வழக்கமான முதல் மருந்தாகத் தருவதில்லை என்று முறையை மாற்றிவிட்டது. முதலிடத்தில் இப்போது இருப்பவை இரும்பும், இரண்டாம் வகையைச் சேர்ந்த கேபாபென்டின், பிரிகேபலின் என்னும் மருந்துகளும். இவை நரம்பின் மிகைத் துடிப்பைத் தணிப்பவை. நோய்ப்பெருக்கத்தை உண்டாக்குவதில்லை. உறங்கப் போவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பாக, குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். தலைசுற்றல், பகல் தூக்கம், தள்ளாட்டம், எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவை சிலருக்கு வரலாம். முதியவர்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்ந்தால் மூச்சைத் தாழ்த்திவிடும்.

வெறும் தூக்க மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். அது உறங்க வைக்கலாம். காலின் தவிப்பைத் தீர்ப்பதில்லை. எந்த மருந்துக்கும் அடங்காத கொடிய நோய்க்கு, அபின் வகையைச் சேர்ந்த மருந்துகளை மிகக் குறைந்த அளவில் வல்லுநர்கள் தருவதுண்டு. அது அவர்களுடைய நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது.

கர்ப்பிணிகளுக்கு ஓர் ஆறுதல். கடைசி மூன்று மாதங்களில் பலருக்கு இது வரும். பிள்ளை பிறந்த சில வாரங்களில் பெரும்பாலும் தானே போய்விடும். அதுவரை இரும்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் பெரிதும் உதவும். மற்ற மருந்துகளைக் கூடியவரை தவிர்ப்பார்கள். இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர், நான்கு மணி நேரம் நாற்காலியில் அசையாதிருக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு இந்நோய் வந்தால் அது பெருந்தண்டனை. தாங்க முடியாமல் பாதியிலேயே எழுந்துவிடுவோரும் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும். தாதியிடம் சொல்லுங்கள், உங்களுக்கென்று தனி மருந்து முறை இருக்கிறது. குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு. வளரும் வயது வலி என்றும், துடுக்குத்தனம் என்றும் அதை ஒதுக்கிவிடுகிறோம்.

மருந்தோடு சில நல்ல பழக்கங்களும் துணை நிற்கும். மாலையில் அளவான நடை, படுக்குமுன் வெந்நீரில் கால் கழுவுதல், கெண்டைக்காலை நீவிவிடுதல், ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுதல் ஆகியவை செலவில்லாதவை. முருங்கைக்கீரை, பயறு வகைகள், நெத்திலி, ஈரல் ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

நேயர்களே, இன்று கேட்டவற்றுள் மூன்றை மட்டும் மறவாதீர்கள். ஓய்வில் வந்து, நடந்தால் நிற்கும் கால் தவிப்புக்குப் பெயருண்டு, மருந்தும் உண்டு. எந்த மருந்துக்கும் முன்னால் இரும்பைப் பாருங்கள். எந்த மருந்தையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். இவற்றோடு என் அனுபவத்தால் ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் வீட்டு முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர் சொல்லும் சொல்லைச் சுருக்காதீர்கள். எறும்பு ஊர்கிறது என்றால் எறும்பு ஊர்கிறது என்றே சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் காலை ஆட்டினால், இலட்சுமி போய்விடுவாள் என்று நான் சொல்வதில்லை. அருகே சென்று, "இராத்திரி நல்லாத் தூங்கினியா ஐயா?" என்று கேட்கிறேன்.